இருவர்க்கு ஒரு பெயர்: இரசிகர் குழுக்களின் கலவைப்பெயர்களும் அவற்றின் நகையும்

நகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் கூறினார். அவற்றுள் முதற்கண் வைக்கப்பட்டது எள்ளல். அதனை உரையாசிரியர் பேராசிரியர் இருகூறாக்குவர். மற்றவரை இகழ்ந்து ஒருவன் சிரிப்பது ஒன்று. மற்றவர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தானே சிரித்துக்கொள்வது இன்னொன்று. எள்ளுவோர் ஒருபுறமும் எள்ளப்படுவோர் மறுபுறமும் நிற்கும் நிலையையே இப்பகுப்பு கருதுகின்றது. ஆயின், எள்ளுவோரும் எள்ளப்படுவோரும் ஒருவரேயாக, தம் ஆர்வத்தைத் தாமே நகையாடும் கூட்டத்தாரை இவற்றுள் எதன்கண் அடக்குவது? இவ்வினா எமக்கு எழுந்த இடம் சற்றே விந்தையானது. திரைப்படத்தையும் தொடர்கதையையும் சுவைத்து மகிழும் இரசிகர் குழுக்களின் பெயரிடும் வழக்கே அவ்விடம்.

நடிகர், பாடகர், கதைமாந்தர் ஆகியோருள் இருவரைக் காதலராகக் கண்டு மகிழும் இரசிகர்கள், அவ்விருவர் பெயர்களையும் வெட்டி ஒட்டி ஒரே பெயராக்கி வழங்குகின்றனர். பிராட் பிட், ஏஞ்சலினா ஜோலி என்னும் அமெரிக்க நடிகர் இருவர் 'பிராஞ்சலினா' ஆயினர். விராட் கோலியும் அனுஷ்கா சர்மாவும் 2017-இல் மணந்துகொள்ளுமுன்னரே 'விருஷ்கா' ஆகிவிட்டனர். இவ்வழக்கினைச் சிறுபிள்ளை விளையாட்டு எனத் தள்ளுவாரும் உளர். விளையாட்டே, எனினும் அது நூறாண்டு வரலாறுடைய விளையாட்டு. அதன் பொருட்டு ஒரு பெருநாட்டில் பெரியதொரு கதைத் தொகுப்பகமே வாசகர்க்கு அடைபட்டுப் போனதும் உண்டு. அவ்வரலாற்றையும், அதில் நகை யார் பக்கத்திலிருந்து யார் பக்கத்திற்கு நகர்ந்தது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

முதலில் சொல்லின் அமைதி. இருவரைச் சேர்த்துச் சொல்லத் தமிழில் உம்மைத்தொகை உண்டு. கபிலனும் பரணனும் சேர்ந்தால் 'கபிலபரணர்'. இருபெயரும் குறைவின்றி நிற்கின்றன; ஈற்றில் பலர்பால் விகுதி வந்து 'இவர் ஒருவர் அல்லர்' என அறிவிக்கின்றது. உயர்திணைப் பெயர்கள் இவ்வாறு தொக்கவிடத்துப் பலர்பாலாகவே நடத்தல் வேண்டும் என்பதில் தொல்காப்பியமும் நன்னூலும் ஒன்றுபடுகின்றன. 'பிராஞ்சலினா'வில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. பிராட் என்பதில் எஞ்சியவை தலையெழுத்துகளே. ஏஞ்சலினா ஏறத்தாழ முழுமையாக நிற்கின்றாள். பலர்பால் குறி யாதும் இல்லை. கேட்போர்க்கு அது தனியொரு பெண்ணின் பெயர் போன்றே ஒலிக்கின்றது. இந்நகையின் முதல் ஊற்று இதுவே என்பது எம் கருத்து. உம்மைத்தொகை இருவரை அருகருகே அமர்த்துகின்றது. கலவைப்பெயரோ இருவரையும் உருக்கி உலகில் இல்லாத மூன்றாம் ஆள் ஒருவரைப் படைக்கின்றது.

'சோழநாடு' என்பது 'சோணாடு' ஆயிற்றே, அஃதும் இஃதும் ஒன்றன்றோ எனின், அன்று. மரூஉ, மக்கள் நாவில் காலப்போக்கில் தானே தேய்ந்து அமைவது. அதனைச் செய்தார் இன்னார் எனச் சுட்டுதல் இயலாது. கலவைப்பெயர் ஒரே நாளில் வேண்டுமென்றே செய்யப்படுவது. இவ்வகைச் சொல்லாக்கத்திற்கு ஆங்கிலத்தில் பெயர் தந்தவர் லூயிஸ் கரோல். 1871-இல் வெளிவந்த தம் இரண்டாம் ஆலிஸ் நூலில், முட்டை வடிவினனான ஹம்ப்டி டம்ப்டி என்னும் பாத்திரத்தின் வாயிலாக, இரண்டு பொருள்களை ஒரு சொல்லுள் அடைத்தலை இருபக்கமும் மடிந்து மூடும் பயணப்பெட்டிக்கு ஒப்பிட்டார். சொற்களை அவ்வாறு அடைத்தல் ஆங்கிலேயர்க்கு வேடிக்கையாகப் பட்டது. மனிதரை அடைத்தல் பின்னரே வந்தது.

டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ், மேரி பிக்ஃபோர்டு ஆகிய இருவரும் ஊமைப்படக் காலத்தின் ஒப்பற்ற நட்சத்திரங்கள். 1920-இல் மணந்துகொண்டு பெவர்லி ஹில்ஸ் மலைச்சாரலில் அவர்கள் வாழ்ந்த மாளிகையைச் செய்தித்தாள்கள் 'பிக்ஃபேர்' என அழைத்தன. இப்பெயரில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. மனைவியின் பெயர் முன்னும் கணவனின் பெயர் பின்னும் நின்றன. மேலும், கலக்கப்பட்டவை குடிப்பெயர்களே. இயற்பெயரால் அழைக்கும் நெருக்கத்தை அன்றைய பொதுமக்கள் நட்சத்திரங்களிடம் எடுத்துக்கொள்ளவில்லை போலும். பெயர் பெற்றது வீடேயன்றி அவ்வீட்டில் வாழ்ந்தோர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. 1936-இல் அவ்விருவரும் மணவிலக்குப் பெற்றனர். வீட்டின் பெயரோ பிரியவில்லை. 1979-இல் இறக்கும்வரை பிக்ஃபோர்டு அம்மையார், தம்மை விட்டு நீங்கியவரின் பாதிப்பெயரைத் தாங்கிய அம்மாளிகையிலேயே வாழ்ந்தார். 1990-இல் அது இடிக்கப்பட்டது.

பெயர் உறவினும் நெடிது வாழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று 'டெசிலு'. டெசி ஆர்னாஸ், லூசில் பால் ஆகிய கணவனும் மனைவியும் 1950-இல் தொடங்கிய படப்பிடிப்பு நிறுவனத்தின் பெயர் அது. இம்முறை பெயரிட்டவர் இணையரே. ஆதலின் அப்பெயரில் எள்ளல் இல்லை, இல்லறப் பெருமிதமே உண்டு. 1960-இல் அவர்கள் பிரிந்தனர். 1962-இல் கணவரின் பங்கினையும் விலைக்கு வாங்கி அம்மையார் தாமே தலைவரானார். நிறுவனத்தின் பெயரை மாற்றவில்லை. அந்நிறுவனம் 1966-இல் தொலைக்காட்சிக்கு எடுத்தளித்த விண்வெளித் தொடரே 'ஸ்டார் டிரெக்'. இரசிகர் எழுத்தின் வரலாற்றில் அத்தொடர்க்குத் தனியிடம் உண்டு. 1970-களில் அதன் இரசிகர், பெரும்பாலும் பெண்கள், கப்பல்தலைவன் கிர்க்கையும் அவன் துணைவன் ஸ்பாக்கையும் காதலராக வைத்துக் கதைகள் எழுதித் தாமே அச்சிட்டுப் பரப்பினர். அக்கதைகளைக் குறிக்க 'கே', 'எஸ்' என்னும் முதலெழுத்துகளுக்கு இடையே ஒரு சாய்கோடு இட்டனர். ஆங்கிலத்தில் அவ்வகை எழுத்து முழுமைக்கும் அச்சாய்கோட்டின் பெயரே பெயராயிற்று. பிரிந்துபோன இணையரின் கலவைப்பெயரைச் சுமந்த நிறுவனம், உலகின் இணைசேர்ப்பு இரசிகர்களுக்கெல்லாம் பிறப்பிடமான தொடரை ஈன்றது என்பதை வரலாற்றின் குறும்பு என்றே சொல்லத் தோன்றுகின்றது.

சாய்கோடு இருவரையும் சேர்த்தது, ஆயின் கலக்கவில்லை. உம்மைத்தொகைக்கு நெருங்கிய நிலை அது. கலத்தல் பெருகியமைக்குக் கருவி சார்ந்த காரணமும் உண்டு. 2007 முதல் ட்விட்டரில் வழங்கிய அடையாளச்சொல்லின் உள்ளே இடைவெளியோ சாய்கோடோ வரின் சொல் அவ்விடத்திலேயே அறுபட்டுவிடும். அறுபடாததும், குறுகியதும், வேறெங்கும் வழங்காததுமான ஒரு சொல் இருந்தால் இரசிகர் ஒருவரையொருவர் எளிதிற் கண்டுகொள்வர். கலவைப்பெயர் அத்தேவைக்கெனவே வார்த்தது போல் அமைந்தது. எனினும் வழக்கு அதற்கு முற்பட்டது. 1997 முதல் 2003 வரை ஒளிபரப்பான 'பஃபி' தொடரின் இரசிகர், ஸ்பைக் என்பவனைப் பஃபியோடு சேர்த்து 'ஸ்பஃபி' என்றும், ஏஞ்சலைச் சேர்த்து 'பேஞ்சல்' என்றும் இரு கட்சியாக நின்று பூசலிட்டனர்.

இவ்விணைசேர்ப்பு வேட்கைக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரு வெட்டுச்சொல்லே. 1990-களில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் துப்பறிவோர் இருவரும் காதலராதல் வேண்டும் என்றோர், உறவைக் குறிக்கும் 'ரிலேஷன்ஷிப்' என்பதன் வாலை மட்டும் பற்றித் தம்மை 'ஷிப்பர்' என்றனர். அவ்வாலுக்கு ஆங்கிலத்தில் கப்பல் என்றும் பொருள் உண்டு. விடுவார்களா? ஆரி பாட்டர் கதையின் இரசிகர் தம் விருப்ப இணைகளுக்கு அரசுக் கடற்படைக் கப்பல்களைப் போல் பெயரிட்டனர். கப்பல் மிதந்தது, மூழ்கியது, போரிட்டது. ஆரியையும் ஹெர்மயனியையும் சேர்த்தோர் கப்பல் 'ஹார்மனி' எனப்பட்டது. இருபெயரின் ஒலியும் கலந்து, 'இசைவு' எனப் பொருள்தரும் பழைய ஆங்கிலச் சொல்லாகவே அது அமைந்துவிட்டது. 2005-இல் வெளிவந்த ஆறாம் நூல் அவர்தம் விருப்பத்திற்கு மாறாகச் சென்றது. இசைவின்மையிலும் இசைவு என்னும் பெயரே அவர்க்கு நிலைத்தது.

இவ்வாறு இரசிகர் தமக்குள் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே செய்தித்தாள்கள் மெய்ம்மாந்தர்மேல் இப்பெயர்களை வீசலாயின. 2002-இல் பென் ஆஃப்லெக், ஜெனிஃபர் லோபஸ் ஆகியோரின் மணவுறுதி வெளியானதும் 'பென்னிஃபர்' என்னும் பெயர் எங்கும் பரவியது. ஜெனிஃபரின் முதலசையைக் களைந்து அவ்விடத்தே பென்னைப் பொருத்தினர். இரண்டும் ஒத்த ஒலியாதலின் தைத்த இடம் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து நடித்து 2003-இல் வெளிவந்த படம் பெருந்தோல்வியுற்றபோது இப்பெயர் இகழ்ச்சிக்குரிய சுருக்கெழுத்தாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் நிகழவிருந்த திருமணம் தள்ளிப்போய், 2004 சனவரியில் உறவே முறிந்தது. நகை அங்கே நிற்கவில்லை. 2005-இல் ஆஃப்லெக் மணந்துகொண்ட நடிகையின் பெயரும் ஜெனிஃபர்! 'இரண்டாம் பென்னிஃபர்' என அரசர்க்கு இடுவது போல் எண்ணிட்டுச் செய்தித்தாள்கள் எள்ளின. பெயர் ஆளைக் குறிக்கவில்லை, ஆள் அமரும் இருக்கையையே குறித்தது என்பது இதனாற் புலனாகும். முதல் ஜெனிஃபரையே அவர் 2022-இல் மணந்ததும், 2024-இல் அம்மணமும் முறிவை நோக்கிச் சென்றதும் பின்னிகழ்ந்த கதை.

டாம் குரூஸ், கேட்டி ஹோம்ஸ் இருவரும் 2005-இல் 'டாம்கேட்' ஆயினர். ஆங்கிலத்தில் அவ்வொலி கடுவன்பூனையைக் குறிக்கும். பெண்களைத் தேடித் திரியும் ஆடவனையும் குறிக்கும். பிராஞ்சலினாவின் பிரிவு 2016 செப்டம்பரில் வெளியானபோது, மூன்று திங்கள் முன்னர்ப் பிரித்தானியர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்க வாக்களித்த நிகழ்ச்சிக்கு வழங்கிய 'பிரெக்ஸிட்' என்னும் சொல்லையே அப்பிரிவுக்கும் சூட்டினர். ஆறு குழந்தைகளைக் கொண்ட ஒரு குடும்பம் உடைந்த செய்தி அது. இவை யாவும் பேராசிரியர் கூறிய முதல்வகை எள்ளலுள் அடங்கும். பெயரிட்டோர் வேறு, பெயர்பெற்றோர் வேறு, சிரிப்பின் செலவு முழுவதும் பின்னவர்மேலது. இவ்வகை நகையில் சொல்நயம் உண்டு, இரக்கம் இல்லை.

இரசிகர்தம் பெயர்களில் நகை வேறுவகைத்து. 2009-இல் தொடங்கிய 'கிளீ' என்னும் பாடற்குழுத் தொடரில் கர்ட்டும் பிளெயினும் 'கிளெயின்' ஆயினர். கர்ட்டுக்கு எஞ்சியது ஒற்றைக் ககரமே. அதே தொடரில் ஃபாப்ரே, பெர்ரி என்னும் குடிப்பெயர்களையுடைய மங்கையர் இருவர் 'ஃபாபெரி' ஆயினர். கதையில் அவர்கள் காதலர் ஆகவேயில்லை. ஆகார் என்பதை அறிந்தே இரசிகர் பெயரிட்டனர். 2008-இல் வெளிவந்த 'பசி விளையாட்டுகள்' புதினத்தின் தலைமக்கள் பீட்டா மெல்லார்க்கும் காட்னிஸ் எவர்டீனும் ஆவர். இவர்தம் இயற்பெயர்களைக் கலந்தால் அவையில் வழங்கலாகாத ஓர் உறுப்பின் ஆங்கிலப் பெயருக்கு மிக அருகில் வந்து நிற்கும். இரசிகர் அதனை முதலில் தாமே சொல்லிச் சிரித்துவிட்டுப் பின்னர்க் குடிப்பெயர்களைக் கலந்து 'எவர்லார்க்' என வழங்கினர். நம் இலக்கணம் இடக்கரடக்கல் என்னும் தகுதிவழக்கினை அவர் அறியார். ஆயினும் அதன் தேவையை உணர்ந்திருந்தனர்.

சப்பானியரிடத்தில் இவ்வழக்கு ஒரு விதியாகவே இறுகிவிட்டது. 1975-இல் தொடங்கிய இரசிகர் பதிப்புச் சந்தையைச் சார்ந்து வளர்ந்த அங்குள்ள பெண் எழுத்தாளர், இரண்டு பெயர்களின் தலைப்பகுதிகளை எடுத்துச் சேர்ப்பர். 'கேப்டன் சுபாசா' என்னும் கால்பந்துச் சித்திரக்கதையின் கோஜிரோவும் கென்னும் 'கோஜிகென்' ஆயினர். முன்னிற்கும் பெயர் காதலில் முற்படுவோனுடையது. பின்னிற்பது அதனை ஏற்போனுடையது. பெயரை முன்பின் மாற்றினால் அது வேறு கட்சி. ஒரே இருவரை ஒரே காதலில் வைத்துப் பார்க்கும் இரு சாரார், பெயரின் முறைவைப்பு ஒன்றனாலேயே ஒருவர் நூலை மற்றவர் தொடாமல் வாழ்வர்! இதனைப் பிறர் நகுமுன் தாமே நகுதல் அவர் இயல்பு. எம் வினாவிற்கு விடை இங்கே கிடைக்கின்றது. மூன்றாம் வகை எள்ளல் ஒன்று உண்டு. தம் பற்றின் மிகுதியைத் தாமே அறிந்து நகுதல் அது. இவ்விணை தம் கைவேலை என்னும் அறிவே அந்நகைக்கு நிலைக்களன்.

அவ்வறிவு நீங்கினால் என்னாகும் என்பதற்குப் பிலிப்பைன்சு நாட்டில் ஒரு சான்று உண்டு. அந்நாட்டார்க்குக் கலவைப்பெயர் புதிதன்று. மூன்று பெருநிலப்பகுதிகளான லூசோன், விசாயாஸ், மிண்டனாவோ ஆகியவற்றைக் கலந்து பெண்மக்கட்கு 'லூஸ்விமிண்டா' எனப் பெயரிடுவர். 2010 முதல் 2016 வரை துணைக் குடியரசுத்தலைவராயிருந்தவரின் பெயர் 'ஜெஜோமார்'. இயேசு, சூசை, மரியாள் மூவரும் அதனுள் அடங்கியுள்ளனர். இத்தகைய நாட்டில் 2015 சூலையில், நண்பகல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் ஆல்டன் ரிச்சர்ட்ஸ் என்னும் நடிகரும் 'யாயா டப்' என்னும் பணிப்பெண் வேடத்து நடிகையும் பிளந்த திரையின் இருபாதிகளில் ஒருவரையொருவர் கண்டு நாணினர். 'ஆல்டப்' பிறந்தது. பாதி மெய்ம்மனிதர், பாதி வேடம். அவ்வாண்டு அக்டோபர் 24-இல் அவ்விருவர்க்கென நடந்த விழாவன்று 4 கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர்ப் பதிவுகள் அவர்தம் பெயரால் எழுந்தன. நிகழ்ச்சி முடிந்து ஆண்டுகள் சென்ற பின்னும் இரசிகருள் ஒரு சாரார், அவ்விருவரும் மறைவாக மணந்து மக்களையும் பெற்றுள்ளனர் என நம்பினர். நடிகையார் வெளிப்படையாக மறுத்தும், 2023-இல் வேறொருவரை மணந்தும், அந்நம்பிக்கை முற்றும் அகலவில்லை. ஒருமுறை உட்கொண்டதைப் பின்னர் விடாமையை மடன் என்பர் உரைகாரர். மடனும் நகைக்கு நிலைக்களனே. ஆயின் அங்கே நகுவோர் புறத்தார், அகத்தார் அல்லர்.

தமிழ்நாட்டுத் திரையுலகில் இணைகள் பெரும்பாலும் உம்மைத்தொகையாகவே வழங்கின. என்.எஸ்.கிருஷ்ணன்–மதுரம், எம்.ஜி.ஆர்–சரோஜாதேவி என இருபெயரும் குறைவின்றி நிற்கும். இயக்குநர் கிருஷ்ணன்–பஞ்சு, இசையமைப்பாளர் விசுவநாதன்–இராமமூர்த்தி ஆகியோர்க்கும் அதே முறைமை. வெட்டியொட்டும் புதுவழக்கு இங்கும் வந்துசேர்ந்தமைக்கு, 2019-இல் 'பிக் பாஸ்' மூன்றாம் பருவத்தின் கவின், லாஸ்லியா இருவரையும் சேர்த்து வழங்கிய 'கவிலியா' சான்றாகும். கவினின் ஈற்று மெய் கெட்டவுடன் 'கவி' எஞ்சியது. கெடுதல் விகாரத்தால் ஒருவர் புலவராதல் இலக்கண நூலார் எதிர்பாராதது.

இறுதியாகச் சீனத்துச் செய்தி. 2019-இல் வெளிவந்த தொடர் ஒன்றில் இணைந்து நடித்த சியாவ் சான், வாங் யீபோ ஆகிய இருவரையும் இரசிகர் 'போ ஜுன் யீ சியாவ்' என்றனர். 'உம்மிடமிருந்து ஒரு புன்னகையைப் பெற' எனப் பொருள்தரும் தொடர் அது. அதன் நான்கு எழுத்துகளுள் புன்னகை என்னும் எழுத்தை நீக்கி, ஏறத்தாழ அதே ஒலியுடைய சியாவ் என்னும் குடிப்பெயரின் எழுத்தைப் பெய்தனர். மற்றவற்றுள் இரண்டு யீபோவின் பெயரிலேயே உள்ளவை. கலவைப்பெயர்களுள் யாம் அறிந்தவரை இதனினும் நயமான சிலேடை இல்லை. இவ்விணையை வைத்து எழுதப்பட்ட இரசிகர் கதை ஒன்று, சியாவ் சானை இழிவுபடுத்தியது என அவருடைய தனி இரசிகர் வெகுண்டனர். இணையை விரும்புவோரும் ஒருவரை மட்டும் விரும்புவோரும் அங்கே எதிரெதிர்க் கட்சியினர். தனி இரசிகர் அரசினர்க்கு முறையீடுகளை அனுப்பினர். 2020 பிப்ரவரி 29-இல், அக்கதை வெளிவந்த உலகளாவிய இரசிகர் கதைத் தொகுப்பகம் சீனத்து வாசகர்க்கு அடைபட்டது. முந்திய ஆண்டுதான் ஹியூகோ பரிசு பெற்ற தொகுப்பகம் அது. ஆயிரக்கணக்கான வேறு கதைகளின் இரசிகர் ஒரே நாளில் தம் நூலகத்தை இழந்தனர். அவர்கள் சினந்து, அந்நடிகர் விளம்பரம் செய்த பொருள்களைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தனர். கதையை எழுதாதவரும் முறையீடு செய்யாதவருமான நடிகர்மேல் இருபுறத்துப் பழியும் வீழ்ந்தது.

சீனத்து இணை இரசிகர் தம் கதைகளின் தலைப்பில் 'இதனை மெய்ம்மாந்தர்மேல் ஏற்றற்க' என்னும் கருத்துடைய எச்சரிக்கை ஒன்றினை எழுதிவைத்தல் நெடுநாள் வழக்கம். தம் விருப்பத்திற்கு வட்டமிட்டுக்கொண்டு அதனுள்ளேயே மகிழ்தல் வேண்டும் என்பதும் அவர்தம் குழூஉக்குறிகளுள் ஒன்று. 2020-க்கு முன்னரே அவை இரண்டும் வழங்கின.